அணையடிச் சாமி

"இன்றைக்குக் கல். நாளைக்குக் கூரை. அடுத்த தைப்பூசத்துக்குள்ளே ஒரு கமிட்டி. பிறகு ஆரால் அசைக்க ஏலும்?"

லேண்ட்ரோவர் மலையேறும் வழியெல்லாம் குலசேகரம் பொருமிக்கொண்டே வந்தார். குடிநீர் அலுவலகத்தின் மேற்பார்வையாளர் அவர். மலையில் இருக்கும் பழைய சின்ன அணையின் அடியில் காவலாளி அய்யாக்கண்ணு திருட்டுத்தனமாகக் கோயில் எழுப்புகிறான் என்று நேற்று ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. இன்று காலையே இளம் இன்ஜினியர் சுலைமானையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

ஆறு மைல்தான். மூன்று வருஷமாக அந்தத் தூரத்தை அவர் கோப்புகளிலேயே கடந்துகொண்டிருந்தார்.

கரையின் கீழே, புல்சரிவு முடியும் இடத்தில் ஒரு கல். மஞ்சள், குங்குமம், மேலே ஒரு செம்பருத்தி. பக்கத்தில் கைகட்டி நின்றார் அய்யாக்கண்ணு.

"உனக்குச் சம்பளம் தாறது அணையைப் பார்க்க. சாமியைப் பார்க்க இல்லை. பென்ஷனுக்கு எத்தனை மாசம் கிடக்கு?"

"ஒம்பது மாசங்கய்யா."

"அதை மறந்திடு."

"சரிங்கய்யா. ஆனா வச்ச கையால எடுக்கக் கூடாது. நீங்களே வந்து எடுத்துடுங்க."

குலசேகரம் இரண்டடி வைத்தார். நின்றார். இடிக்க வந்தவர்தான். ஆனாலும் வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிற கால்கள். சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார்.

அடுத்த அடியில் கணுக்கால் வரை சேறு.

"மழை பெய்து பத்து நாள். இதென்ன சகதி?"

கல்லைப் புரட்டினார். அடியிலிருந்து கட்டைவிரல் தடிமனில் தண்ணீர் கொப்பளித்தது. செம்மண் நிறத்தில்.

"முப்பது வருஷமா இங்க கசியுதுங்கய்யா. கண்ணாடி மாதிரி வர்ற வரைக்கும் பயமில்ல. ரெண்டு மாசமா தே தாரேக் டீ மாதிரி கலங்கலா வருது. அணை உள்ளுக்குள்ள கரையுது. கீழ பள்ளத்துல எழுபது வீடு."

சுலைமான் குந்தி உட்கார்ந்து, அந்த நீரை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். முகம் வெளிறியது.

"எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?" என்று மலாய் மொழியில் கேட்டார்.

"ஆறு கடுதாசி போட்டேன் துவான்," என்றார் அய்யாக்கண்ணு, அதே மலாயில்.

குலசேகரம் காலுறையை உதறுவதில் மும்முரமானார். அந்த ஆறும் அவர் மேசையில்தான் இருந்தன. தேநீர்க் கோப்பையை அவற்றின் மேல்தான் வைப்பார்.

சுலைமான் நீர்மட்டத்தை இறக்க மதகை நோக்கி ஓடினார். அவர் மறையும்வரை காத்திருந்துவிட்டு, குலசேகரம் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். குரலும் திரும்பி வந்திருந்தது.

"அதுக்காகச் சாமியை வச்சு விளையாடலாமோ? எவனோ ஒரு பொறுப்பான மனுசன் மொட்டைக் கடிதம் போட்டபடியால் தப்பினோம்."

அய்யாக்கண்ணு செம்பருத்தியைச் சேற்றிலிருந்து எடுத்துத் துடைத்தார்.

"அது ஏழாவது கடுதாசிங்கய்யா. முந்தின ஆறுலயும் என் பேரைப் போட்டுத் தொலைச்சிட்டேன்."