தட்டில் துடித்தவன்

மூடியைத் திறந்ததுகூடப் பரவாயில்லை. திறந்த கையோடு உள்ளே தும்மியும் வைத்தேன். என் மனைவி சுகுணா நாற்பது நாளாக ஆய்வுக்கூடத்தில் வளர்த்த இதயச் செல்கள் அந்தச் சின்னத் தட்டில் இருந்தன. யாரோ ஒரு நோயாளியின் ரத்தத்திலிருந்து உருவாக்கியவை. ஒரு புரதம் தப்பாக மடிவதால் அவன் இதயம் தளர்கிறதாம். அதைத் தடுக்கும் மருந்தைத் தேடுகிறாள். ஞாயிற்றுக்கிழமையும் செல்களுக்கு ஊட்டத் திரவம் மாற்ற ஓடுவாள். சாப்பிடும்போது அவற்றைத்தான், “இன்னைக்கு என்னமா துடிச்சான் தெரியுமா?” என்பாள். பதினாறு வருஷமாக நானும்தான் துடிக்கிறேன், கேட்பாரில்லை. எதிரியின் முகத்தைப் பார்க்கத்தான் இன்று கூடவே வந்தேன். என் பிறந்தநாளை மறப்பவள், அவன் பிறந்த தேதியைத் தட்டின் மேலேயே எழுதி வைத்திருந்தாள்.

தும்மல் பட்ட தட்டு இனி உதவாது. கழிவில் போடுமுன் சுகுணா அதை நுண்ணோக்கியில் வைத்துக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“நான் போனாலும் இப்படி அழுவியா?”

வழக்கமாக இதற்கு, “போய்த்தான் பாருங்களேன்” என்பாள். இன்று கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இவனோட செல் ஃப்ரீசர்ல இன்னும் ஆறு குப்பி இருக்குங்க. நாளைக்கே ஒண்ணை எடுத்து வளர்க்க ஆரம்பிச்சிடுவேன். நீங்க போயிட்டா நான் எதை எடுத்து வளர்க்கிறது?”