தையல்காரரின் சிறப்புரை

இந்தக் காலத்தில் எவன் வாயிலும் எதுவும் தங்குவதில்லை. சேவைச் சங்கக் கூட்டத்தில் சிறப்புப் பேச்சாளராக ஒலிவாங்கி முன் நிற்பவர், கிழட்டுக் கொத்தனார் எதையும் ஒளிக்காமல் சொல்லும் ஒரே கூட்டாளியான தையல்காரர். “எனக்குத் தெரிஞ்ச தச்சர் ஒருத்தர். பெத்த மகனே கைநீட்டிட்டான். பாவம், மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்னு பொண்டாட்டிகிட்டயே மறைச்சுட்டாரு.” கூடம் உச்சுக்கொட்டுகிறது. கொத்தனாரின் பக்கத்து நாற்காலியில், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்த மனைவியின் கை அப்படியே நிற்கிறது. பிஸ்கட் கரைந்து விழுகிறது. அவள் கொத்தனாரின் நெற்றித் தழும்பையே பார்க்கிறாள். கைதட்டல் ஓய்ந்ததும் தையல்காரர் சிரித்தபடி இறங்கி வருகிறார். “பேரு சொல்லலையேப்பா, தொழிலைக்கூட மாத்திட்டேனே! நாலு பேருக்கு நல்லதுன்னுதான்…” “நாலு பேரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்கடா. நான் இவகூடப் போகணும்.” தோளில் விழுந்த கையைத் தட்டிவிட்டு, கொத்தனார் வாசலை நோக்கி நடக்கிறார்.