கொடுத்து வைத்த கை

"கட்டைவிரலை உள்பக்கமா மடக்கிக் காட்டும்மா" என்றார் டாக்டர் நஸ்ரின்.

தாமரை மடக்கினாள். விரல் நுனி முன்கையைத் தொட்டுப் படிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா ரமணி, தன் இரண்டு கைகளையும் கைப்பைக்கு அடியில் நுழைத்துக்கொண்டாள்.

பிரிக்பீல்ட்ஸ் கடைவீதியில் மாடியிலிருந்த கண் கிளினிக் அது. தாமரையின் இடக்கண்ணில் மஞ்சள் சொட்டு மருந்து விட்டு, நீல வெளிச்சம் காட்டி, மெலிந்துகொண்டே போகும் கருவிழியை அப்போதுதான் கெட்டிப்படுத்தி, கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். இனி மேலும் கெடாது. போன பார்வை போனதுதான். வலக்கண் இன்னும் அவ்வளவு மோசமில்லை.

அந்த விரலைப் பார்த்துத்தான் பரதநாட்டிய டீச்சர் தாமரையை முதல் வரிசையில் நிறுத்தினார். கோயில் விழாவில் ஆடியபோது, "கொடுத்து வைத்த கை" என்று காப்பார் ஊரே மெச்சியது. ஊர்க்கண் பட்டுவிடும் என்று ரமணி வெள்ளிதோறும் சுற்றிப் போட்டாள். கைக்குத்தான் பயந்தாள்.

"மூட்டுகளை இறுக்கிப் பிடிக்கிற திசு இவளுக்குப் பிறவியிலேயே தளர்ச்சி. விரல் வளையறதும் கருவிழி மெலியறதும் அதனாலதான்" என்றார் டாக்டர். "இது குடும்பத்துல வர்றது. அக்கா, உங்களுக்கு விரல் இப்படி வளையுமா? வளைஞ்சா உங்க கண்ணையும் இன்னிக்கே பார்த்துடணும்."

ரமணியின் பைக்கு அடியில் கட்டைவிரல் தானாக முன்கை வரை மடங்கிக் கிடந்தது.

"எனக்கில்ல டாக்டர். இவ அப்பா பக்கம்."

செத்துப்போன கணவர் பரமேஸ்வரன் எழுந்து வந்து இல்லையென்று சொல்லவா போகிறார்.

தாமரை ஒற்றைக் கண்ணால் அம்மாவையே பார்த்தாள்.

ரமணி படிக்கட்டுக் கைப்பிடியை விடாமல் இறங்கினாள். கீழே அவர்களுடைய மஞ்சள் வேன் நின்றது. காப்பார் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன். ரமணிதான் ஓட்டுகிறாள். இரண்டு பேருக்கும் அதுதான் சோறு. நாளைக்கு லீவு முடிந்து பள்ளி திறக்கிறது.

தாமரை முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். தான் படித்து முடித்த பிறகும் தினமும் காலையில் அவள் விடாமல் உட்காரும் இடம்.

ரமணி சாவியைத் திருகினாள்.

"மெதுவாப் போம்மா" என்று மகள் குரலைத் தாழ்த்தினாள். "சிக்னல், போர்டு எல்லாம் எப்பவும் போல பார்த்துச் சொல்லிடுறேன். குறுக்க வர்ற ஆளுங்கதான் இன்னிக்கு எனக்குச் சரியாத் தெரியாது."

ரமணி தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். பின் சீட்டில் ஏதோ ஒரு பிள்ளை மறந்து விட்டுப்போன தண்ணீர்ப் போத்தல் கிடந்தது. ஒன்றா இரண்டா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இஞ்சினை அணைத்தாள். மறுபடி ஏறிப் போய்க் கையைக் காட்ட வேண்டிய அந்த மாடிப்படியை நினைக்கவே பயமாக இருந்தது.