வெங்காயத்தோல் கலர்

“திவ்யா, ஒரு வேன் ஆளுக இறங்குறாக. நம்ம சோபாவுல ரெண்டு பேருதான் உக்கார முடியும்!” ராம்கி கண்ணாடிக் கதவருகே நின்று கையைப் பிசைந்தான்.

“சோபாவத் தூக்கி ஓரமாப் போடுங்க. ஜமுக்காளத்த விரிங்க,” என்றாள் திவ்யா.

பைபாஸ் ரோட்டில் ‘மாயவண்ணம்’ பட்டுக்கடையைத் திறந்தபோது திவ்யாவுக்குப் பெரிய கனவு இருந்தது. கல்யாணப் பெண் முன்கூட்டியே நேரம் சொல்லிவிட்டு, துணைக்கு ஒரே ஒரு ஆளோடு வருவாள். பீங்கான் கோப்பையில் காபி குடித்தபடி தனக்குப் பிடித்த பட்டைத் தானே எடுப்பாள். மதுரையில் முகூர்த்தப் பட்டைச் சொந்தபந்தமே கூடித்தான் எடுக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. மாற்றிக் காட்டலாம் என்று நம்பினாள். ஊர் மாறவில்லை. கடைதான் காற்று வாங்கியது.

அதனால்தான் இப்போது ஜமுக்காளம். அவள் பார்த்துப் பார்த்து வடிவமைத்த வெளிர்நிறப் பட்டுகள் இந்த முகூர்த்த சீசனிலும் போகாவிட்டால், எல்லாக் கடையையும் போல அரக்குச் சிவப்புக்கே போய்விடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்திருந்தார்கள். திவ்யாவுக்கு அதில் துளியும் மனசில்லை.

கல்யாணப் பெண் சுபலட்சுமி நடுவில் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். ஒரு பக்கம் பெண் வீடு, எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை வீடு. கபடி ஆட இறங்கினவர்கள் மாதிரி இருந்தது. காசு மாப்பிள்ளையின் அம்மா ரெங்கம்மாளுடையது. சத்தம் பெண்ணின் தாய்மாமன் கருத்தக்கண்ணனுடையது.

திவ்யா வாசலில் தொங்கிய தன் செல்லப் பட்டையே முதலில் எடுத்து விரித்தாள். வெங்காயத்தோல் நிறம், ஓரத்தில் மெல்லிய வெள்ளிச் சரிகை.

“இதென்னம்மா வெங்காயத்தோலு கலரு! மணவறையில கட்டுற சேலையா இது? செவப்ப எடுத்துப் போடுங்க,” என்றார் மாமன்.

சிவப்பு வந்தது. பெண் வீட்டார் வாயைப் பிளந்தார்கள். ரெங்கம்மாள் தொட்டுப் பார்த்து, “சரிகை குத்தும்,” என்றாள்.

அடுத்த சிவப்பு. “கண்ணு கூசுது.”

அதற்கும் அடுத்தது. “இம்புட்டுக் கனத்தக் கட்டிக்கிட்டு அது எப்பிடி மணவறையச் சுத்தும்?”

பெண்ணின் அம்மா முகம் சுண்டிப்போனது. காசு கொடுக்கிற திமிர்தானே இது, இந்த வாயிடம் அகப்பட்டு அந்தப் பிள்ளை எப்படித்தான் குடித்தனம் பண்ணப் போகிறதோ என்று திவ்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜமுக்காளம் முழுக்கச் சிவப்பு குவிந்த பிறகு, ரெங்கம்மாள் அந்த வெங்காயத்தோல் பட்டைக் கை காட்டினாள்.

“அத மடிச்சு உள்ள வச்சிருங்கம்மா. அண்ணே சொன்னது சரிதான். இதெல்லாம் டாக்டர் வீடு, கலெக்டர் வீட்டுப் புள்ளைக கட்டுறது. இவுக புள்ளைக்கு இந்தக் கலரு எங்குட்டு எடுக்கும்?”



கருத்தக்கண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். “என்ன சம்பந்தியம்மா சொன்னீக? எங்க புள்ளைக்கு எடுக்காதா?”

“நீங்கதானண்ணே வேணாமுன்னீக?”

“நான் சேலையச் சொன்னேன், நீங்க புள்ளையச் சொல்றீக! எங்க அக்கா மக எந்தக் கலெக்டர் வீட்டுக்குக் கொறஞ்சு போச்சு? எம்மா, அத எடுங்க! தாயி, மேல போட்டுக் காமி இவுகளுக்கு!”

சுபலட்சுமியின் தோளில் பட்டு விழுந்தது. அதுவரை குனிந்தே இருந்த தலை கண்ணாடி முன் நிமிர்ந்தது. பெண் வீட்டில் யாரோ அடக்க முடியாமல் குலவையே போட்டுவிட்டார்கள்.

“இதான் முகூர்த்தப் பட்டு! இல்லேன்னா வண்டியத் திருப்புங்கடா!” என்று மாமன் முழங்கினார்.

“அம்புட்டுப் பிடிவாதம் புடிச்சா நான் என்ன செய்ய? பில்லப் போடுங்க,” ரெங்கம்மாள் சலித்துக்கொண்டு பையைத் திறந்தாள்.

அதோடு நிற்கவில்லை. பெண்ணின் சித்தி ஒருத்தி, “எங்க மக விசேசத்துக்கும் இதே கணக்கா வேணும்,” என்றாள். மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி விடுவாளா? அவளுக்கும் ஒன்று.

“செவப்பு வேணாம் திவ்யா. உன் கலரே ஓடட்டும்,” என்று ராம்கி காதில் கிசுகிசுத்தான். திவ்யாவுக்குக் கண் கலங்கியது. ஜெயித்துவிட்டாள்!

ஆனாலும் ஒரு ஆத்திரம் மிச்சம் இருந்தது. எல்லோரும் வேனில் ஏறிவிட, ரெங்கம்மாள் மட்டும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். திவ்யா வாயைக் கட்டிப்பார்த்தாள், முடியவில்லை.

“ஏம்மா, உங்க வீட்டுக்கு வாழ வர்ற பொண்ணு. அது முன்னாலயே அப்பிடிப் பேசிட்டீங்களே?”

ரெங்கம்மாள் வேனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“உள்ள நுழைஞ்சதுல இருந்து அந்தப் புள்ள ஓரக்கண்ணு அந்தச் சேல மேலதாம்மா இருந்துச்சு. நீங்க பாக்கலையா?”

திவ்யாவுக்குச் சுரீரென்றது. பெண்ணே தேர்ந்தெடுக்கட்டும் என்று கடை திறந்தவள், ஒரு தடவைகூட அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை.

“நல்லாருக்குன்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவுக மாமா செவப்புத்தான்னு ஒத்தக் கால்ல நின்னுருப்பாரு. வெளிய சொல்லிராதீகம்மா. வரவேற்புக்கு, மறுவீட்டுக்குன்னு அதுக்கு இன்னும் சேல எடுக்கணும். அதுவரைக்கும் நான் கெட்டவளாவே இருந்துக்கிறேன்.”