எந்த வீட்டு மஞ்சள்?

ஒரு வீட்டில் ஒரு பிரிண்டர் இருந்தது. அந்த வீட்டுப் பெண் செண்பகவல்லிக்கு அன்று காலை நர்ஸ் வேலைக்கான பரீட்சை. ஹால் டிக்கெட் எடுக்கப் பொத்தானை அழுத்தினாள்.

“மஞ்சள் மை தீர்ந்துவிட்டது. எதையும் அடிக்க மாட்டேன்” என்றது பிரிண்டர்.

உள்ளே இருந்த கறுப்பு மைக்குக் கோபம் வந்தது. “அந்தத் தாளில் மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை. நான் நிறைய இருக்கிறேனே!”

“எல்லா நிறமும் இருந்தால்தான் வேலை.”

செண்பகவல்லி தெருமுனைக் கடைக்கு ஓடி, மறுபடி மை நிரப்பிய மஞ்சள் கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கிவந்து மாட்டினாள்.

“நீ எந்த வீட்டில் பிறந்தவன்?” என்று அதைக் கேட்டது பிரிண்டர்.

“கடைக்காரர் நிரப்பிய மைதான். ஆனால் நல்ல மஞ்சள்.”

“வெளி ஆளுக்கு இங்கே இடமில்லை. இறங்கு!”

“அவளுக்குப் பரீட்சை இருக்கிறது, பாவி!” என்று கறுப்பு கத்தியது. பிரிண்டர் சிவப்பு விளக்கைக் காட்டியது. செண்பகவல்லி அதன் தலையில் ஓங்கி ஒரு குத்துவிட்டு, ஜெராக்ஸ் கடையைத் தேடி ஓடினாள். அங்கே ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது பரீட்சைக்கூடத்தின் கதவை மூடிவிட்டிருந்தார்கள்.

மறுவாரம் கம்பெனி மஞ்சள் வந்தது. பிரிண்டர் அதை “வாங்க, வாங்க” என்று வரவேற்று, பெருமையாக ஒரு சோதனைத் தாள் அடித்தது. தாளில் ஓர் எழுத்துகூட விழவில்லை.

“உன்னிடம்தான் மை இருக்கிறதே!” என்று கறுப்பிடம் கெஞ்சியது.

“நிறைய இருக்கிறது” என்றது கறுப்பு. “அன்றைக்கும் இருந்தது.”