பச்சையை ஒட்டிய பச்சை

தாளைச் சுருட்டி உறையில் போடப் போனவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

தாளின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒன்றையொன்று தொட்டன. தொட்ட இடத்தில் பச்சையை ஒட்டிப் பச்சை.

அவள் ஆலையில் டிராயிங் போடுபவள். அங்குள்ள வாயுத் தொட்டி, காற்றடித்த டியூபைப் படுக்க வைத்தது போன்ற வளையம். உள்ளே ஒன்பது அறைகள். இடைச்சுவர்கள் வெளியே தெரியாது. மேலே பூசிய நிறம் எங்கே மாறுகிறதோ, அங்கே சுவர்.

ஒட்டிய அறைகளுக்கு ஒரே நிறம் வரக் கூடாது. விதி அவ்வளவுதான்.

தொட்டியின் தோலை உரித்து விரித்தாற்போல் தாளில் வரைந்து, நாலே நிறத்தில் முடித்திருந்தாள். தொட்டிக்கு நிறம் பூசியதும் அதைப் பார்த்துத்தான். எந்த மேப்புக்கும் நாலு போதும் என்று மேனேஜரிடம் பெருமை வேறு. பத்து முறை சரிபார்த்தாள். தாளுக்கு ஓரம் உண்டு, வளையத்துக்குக் கிடையாது என்பது மட்டும் உறைக்கவில்லை.

மணி பத்து இருபத்தைந்து. பழுது பார்ப்பதற்காகப் பத்தரைக்கு ஓர் அறையைச் சுடரால் வெட்டித் திறக்கப் போகிறார்கள்.

அந்தப் பச்சை அறையை நேற்றே காலி செய்தாயிற்று. அதை ஒட்டிய பச்சையில் வாயு நிறைய இருக்கிறது.

வெட்டப் போகிறவர் அவளுடைய அக்கா புருஷன்.

தொட்டிப் பக்கம் போன் கொண்டுபோக அனுமதி இல்லை. ஓடினாள்.

"என்னம்மா, ஆபீஸ்ல டீ தீர்ந்துபோச்சா?" என்றார் வாட்ச்மேன். அவரைத் தாண்டி ஓடினாள்.

நீலச் சுடர் எரிந்துகொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு அவர் குனிந்திருந்தார்.

"மாமா! அணைங்க!"

சுடர் சீறிய சத்தத்தில் கேட்கவில்லை. தோளைப் பிடித்து இழுத்தாள்.

அணைத்துவிட்டுத் திரும்பினார். "ஏன்டி இப்படிக் கத்தறே? கை பிசகியிருந்தா உங்கக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். பச்சைப் பரப்பின் நடுவே ஒரு சாக்பீஸ் கோடு. தொட்டியில் பொருத்திய ஏணியிலிருந்து சாண் போட்டு அளந்தாள். டிராயிங்கில் உள்ளபடியே நாலு சாண். சுவர் மிகச் சரியாக அங்கேதான். வெட்டுத் தொடங்கியிருந்தது காலி அறையின் பக்கம்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ரெண்டு பக்கமும் பச்சையாச்சே!"

சூப்பர்வைசர் தூரத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஓ, இதுதான் பச்சையா?"

அவள் பச்சையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்குச் சிவப்பு, பச்சை எல்லாம் ஒண்ணுதான். பதினெட்டு வருஷமா சுத்தியலால தட்டிக் கேட்டுத்தான் வெட்டறேன். உங்கக்காவுக்குத் தெரியும். இங்க தெரிஞ்சா சீட்டுக் கிழிஞ்சிடும்."

மாலையில் தன் தவறை ஒப்புக்கொண்டு மேனேஜருக்குக் கடிதம் எழுதினாள். வளையத்துக்கு ஏழு நிறம்வரை தேவைப்படலாம் என்று விளக்கினாள். தண்டனை எதுவானாலும் ஏற்பதாகக் கையெழுத்திட்டாள்.

விபத்து தவிர்ந்த விதம் என்ற இடத்தில் மட்டும் நெடுநேரம் பேனா நின்றது.

பிறகு, 'தெய்வாதீனமாக' என்று எழுதினாள்.