இரண்டு பைபாஸ்

தெய்வசிகாமணிக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து தங்கை கருணாம்பிகைதான் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள். அவர் இருமும்போதெல்லாம் கிண்ணத்தை ஏந்தினாள். கட்டியாக விழும் சளியைப் பார்த்து அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அன்று பார்க்க வந்த நண்பர், "காலு நரம்பை எடுத்து நெஞ்சுக்குள்ள சுத்திவுட்டிருக்காங்களாமா?" என்று கேட்டார்.

"பைபாஸ் எனக்குப் புதுசுங்களா?" என்று சிரித்தார் தெய்வசிகாமணி. தங்கை பக்கத்தில் நிற்பதையே மறந்துவிட்டார். "நம்மூருக்கு பைபாஸ் ரோடு வந்தப்ப மொதல்ல என்ற மில்லு மேலதான் கோடு போட்டிருந்தானுங்க. ஆளைப் புடிச்சுப் பேசி ஆத்தோரமா வளைச்சுவுட்டேன்."

ஆற்றோரத்தில் இருந்தது கருணாம்பிகையின் வீடு. ரோட்டுக்காக அதை இடித்த அன்று அவள் தலையைத் தடவி, "கவருமெண்ட எதுத்து நாம என்னம்மிணி பண்றது" என்று கூடவே அழுதவர் இவர்.

சிரிப்பு இருமலாக மாறியது. அவர் கிண்ணத்துக்குக் கை நீட்டினார். முதல்முறையாக அவள் முகம் சுளித்தாள்; கிண்ணத்தை ஏந்தவில்லை.

"புடி அம்மிணி!"

கிண்ணத்தை அவர் மடியில் வைத்துவிட்டு, அவள் வெளியே குழாயடிக்குப் போய் அவர் தொட்ட தலையை அப்படியே தண்ணீருக்கடியில் கொடுத்தாள். உள்ளே இருமல் நிற்கவில்லை. அவளும் குழாயை மூடவில்லை.